வரைபடத்தில் ஏறிய பள்ளி

அறுபதுகளின் நடுவில், கிண்ணியாவின் அந்தக் குடியிருப்பில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பெண் ஒருவர்தான் இருந்தார். நஜ்முன் நிஸா. ஊருக்கு நிஸா டீச்சர்.

வாப்பா துறைமுகத்தில் கங்காணியாக இருந்தவர். மகளைத் தினமும் தோணியில் ஏற்றித் திருகோணமலையில் கன்னியாஸ்திரிகளிடம் படிக்க வைத்தார். மகளுக்குப் பதினான்கு வயதானதும் ஊர் கதைத்தது, படிப்பு நின்றது. அந்த நிறுத்தத்தை நிஸா மறக்கவில்லை. இறங்குதுறைக்குப் போகும் மணல் ஒழுங்கையின் ஓரம், அரச காணியில், கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் போட்டார். முப்பத்தொரு பெண் பிள்ளைகள் வந்தார்கள். காலையில் முதலில் குர்ஆன் ஓதுவார்கள், பிறகு தமிழ், கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம். பெரிய பாடசாலைக்கு மகள்மாரை அனுப்பாத வீடுகள்கூட இங்கே அனுப்பின. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் பிள்ளைக்குக் கேட்கும், அவ்வளவுதான் காரணம்.

ஒழுங்கையை அகன்ற தெருவாக்கும் திட்டம் வந்தது. அளக்க வந்தவர் ஹெக்டர், நகரத்துக் கத்தோலிக்கர். கொட்டிலைக் காட்டி, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் முனாப்பிடம் கேட்டார்.

“உது என்ன, பள்ளியோ?”

“ஓம் சேர், பொம்புளப் புள்ளையள் ஓதுற பள்ளி.”

ஹெக்டருக்குப் பள்ளி என்றால் பள்ளிக்கூடம். குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். அலுவலகத்தில் அதை ஆங்கிலத்துக்கு மாற்றியவருக்கோ, கிண்ணியாவில் பள்ளி என்றால் தொழுகிற இடம். ‘மொஸ்க்’ என்று போட்டார். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

வரைபடம் கிராமச் சபைச் சுவரில் தொங்கியது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத வேண்டும். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் அபூதாஹிர், வாசித்துச் சொல்லும்படி நிஸாவைக் கூட்டிப்போனார். அவருடைய மகளும் கொட்டிலில்தான் படித்தாள்.

“எங்கட கொட்டில பள்ளிவாசல் எண்டு போட்டிரிக்காங்க, காக்கா.”

அபூதாஹிர் சிரித்தார். “அப்ப இனி உன்னத் தொழுவிக்கிற லெப்பை எண்டுதான் கூப்பிடோணும்.”

நிஸாவின் விரல் கோட்டைப் பின்தொடர்ந்தது. நேராக வந்த தெரு, கொட்டிலுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் வளைந்தது. வளைவுக்குள் ஒரு சின்னச் சதுரம். பரீதாவின் மண்வீடும் கிணறும். பரீதாவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். இரண்டு பிள்ளைகளோடு இடியப்பம் அவித்து விற்றுப் பிழைக்கிறவள்.

“நம்மட கொட்டில விட்டுட்டு ரோட்டு பரீதாட ஊட்டுக்கு மேல போகுது.”

அபூதாஹிரின் சிரிப்பு அடங்கியது. “பிழ விட்டவன் அவன். நீ வாய மூடிக்கிட்டு இரி. பரீதாவுக்கு வேற காணி குடுப்பாங்க. கொட்டில் போனா முப்பத்தொரு புள்ளையளும் ஊட்டுக்குள்ளதான். நானும் அனுப்பமாட்டன், இப்பவே சொல்லிட்டன்.”

நிஸா வாயை மூடிக்கொண்டார். பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் காலை, பாட நேரத்தில், பரீதா ஓர் அரசாங்கக் கடிதத்தோடு கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

“ராத்தா, இத வாசிச்சுச் சொல்லுங்க. நேராக் கிடக்கிற ஒழுங்கை என்ட ஊட்டுக்குள்ள ஏன் திரும்போணும்?”

நிஸா வாசித்தார். “வணக்கத்தலத்த இடிக்க ஏலாதாம். பள்ளியச் சுத்தித்தான் ரோட்டு போகுமாம்.”

“எந்தப் பள்ளி?”

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“இங்க பள்ளி இல்லயே ராத்தா. எந்தப் பள்ளி?”

“நாளைக்கு வா,” என்றார் நிஸா. அவள் போனபின் அன்றைய பாடத்தை முடித்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அதே மேசையில் இருந்து ஒரு பக்க ஆட்சேபக் கடிதம் எழுதினார். இது பள்ளிவாசல் அல்ல, பள்ளிக்கூடம்.

விசாரணைக்கு ஹெக்டரே வந்தார். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். பெண் பிள்ளைகள் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். அவர் நிஸாவை வெளியே கூப்பிட்டார்.

“மிஸ், கடிதத்தைத் திருப்பி எடுக்கலாம். மேலிடத்தில இருந்து ஒருத்தரும் வந்து பாக்க மாட்டினம். இந்தப் பிள்ளையளுக்காகச் சொல்லுறன்.”

“எந்தப் பள்ளி எண்டு அந்த ஊட்டுக்காரி கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா சேர்?”

ஹெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் பழைய குறிப்புப் புத்தகத்தை விரித்து, ‘பள்ளி’க்குப் பக்கத்தில் ‘க்கூடம்’ என்று சேர்த்துக் கையொப்பம் வைத்தார்.

தெரு நேராகப் போனது. நாலு மாதத்தில் கொட்டிலைப் பிரித்தார்கள். அரச காணியில் போட்ட தற்காலிகக் கொட்டிலுக்கு மாற்று இடம் கொடுக்க விதி இல்லை என்று பதில் வந்தது. நிஸா தன் வீட்டு முன்னறையில் பாயை விரித்தார். புதுத் தெருவைத் தாண்டி வரவேண்டும். லொறியும் பஸ்ஸும் ஓடுகிற தெரு. துறையில் இறங்கும் அந்நிய ஆண்கள் நடக்கிற தெரு. ஒன்பது பேர் வந்தார்கள்.

வராத பிள்ளைகள் இருபத்திரண்டு. ஒவ்வொரு ஜனவரியும் நிஸா அந்த வீடுகளின் கதவைத் தட்டினார். சில வீடுகளில் தேத்தண்ணி கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னார்கள். பரீதா அவரைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். நன்றி சொல்ல அவளுக்கு முகமில்லை. நிஸாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

அபூதாஹிர் இரண்டு வருடம் பேசவில்லை. அவருடைய மனைவி ஸாலிஹா மட்டும் ஒருதரம் நேரே கேட்டாள்.

“நீங்க செஞ்சது ஞாயம்தான் டீச்சர். எங்கட புள்ளைக்கு ஞாயம் எங்க?”

“புள்ளய அனுப்புங்க மதினி.”

அனுப்பவில்லை. அடுத்த ஜனவரியும் நிஸா போனார், அதையே கேட்டார். வருடாவருடம் வீடுகள் குறைந்தன, பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிக்கொண்டே வந்ததால். கடைசியாக எஞ்சியிருந்தவள் அபூதாஹிரின் மகள். அவளுடைய நிக்காஹ்வுக்கு அழைப்பு வந்தது. நிஸா டீச்சர் போய், பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். அடுத்த ஜனவரி அவருக்குத் தட்டக் கதவு இருக்கவில்லை.