நடுத்தாள்களை வரைந்தது யார்?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். நானும் அப்படி நினைக்க எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

என் மனைவியின் தம்பி ஒரு மேதை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். சொல்லிச் சொல்லி, வேலை செய்யும் இடத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. கடலைத் தேடிப் போகும் ஓர் ஆமையைப் பற்றி, முழுக்க முழுக்கக் கையால் வரைந்து ஒரு கார்ட்டூன் படம் எடுக்க வேண்டும் என்பது மேதையின் கனவு.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்களேடா" என்றாள் என் மனைவி.

"அக்கா, இது தத்துவ ஆமை" என்றார் மேதை.

தத்துவ ஆமைக்குப் பணம் போட எந்த முதலாளிக்கும் துணிச்சல் வரவில்லை. ஊரிடமே கேட்டோம். க்ரவுட் ஃபண்டிங். இணையத்தில் மூன்று நிமிட வீடியோ. தோளில் சால்வையோடு, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி, "நான் வரைவதில்லை... காலம் என் கையால் வரைகிறது" என்றார் மேதை. கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தவர்களுக்கு அழுகை வந்திருக்கிறது. பணம் கொட்டியது. சீலிங் ஃபேன் விற்றுக்கொண்டிருந்த நான் ஒரே வாரத்தில் தயாரிப்பாளர் ஆனேன்.

ஏற்றம் அத்தோடு சரி. அடுத்த ஒன்றரை வருடம் இறக்கம்தான். ஆமை நகர்ந்த வேகத்தில்கூடப் படம் நகரவில்லை. 'பணிகள் விறுவிறுப்பாக நடைபெறுகின்றன' என்று ஆதரவாளர்களுக்கு மாதாமாதம் செய்தி அனுப்புவேன். அந்த வாக்கியத்தில் முற்றுப்புள்ளி மட்டும் உண்மை.

இந்த வேலையில் ஒரு நடைமுறை உண்டு. ஆமை தலையைத் தூக்குகிறது என்றால், தலை கீழே இருக்கும் முதல் படத்தையும் மேலே இருக்கும் கடைசிப் படத்தையும் மட்டும் மேதை வரைவார். நடுவே தலை கொஞ்சம் கொஞ்சமாக எழும் படங்களை உதவியாளர்கள் வரைய வேண்டும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன் விளிம்பில் மூன்று ஆணிகள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஆணியில் மாட்டி, நடுவில் வெற்றுத்தாள்களைச் செருகிவிடுவோம். நடுத்தாள் என்று பெயர். புகழெல்லாம் மேதைக்கு, நடுத்தாளெல்லாம் உதவியாளர்களுக்கு. ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஞானோதயம். எல்லோரும் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது நாங்கள் மூன்று பேர்.

வரையும் அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. மேசை விளக்கு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே இருட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். இரண்டு மணிக்குத் திறந்தோம்.

மேசையில் செருகி வைத்த வெற்றுத்தாள்கள் வெற்றுத்தாள்களாக இல்லை. ஏழிலும் ஆமை. அச்சு அசலாக.

"மாமா, யாரை வேலைக்குப் போட்டீங்க?" என்றார் மேதை.

"நானா? நீங்கதான் வரைஞ்சிருப்பீங்க."

மேதை ஒரு கணம் யோசித்தார். "இருக்கலாம். சில சமயம் எனக்கே தெரியாம வரைஞ்சிடுவேன்."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். மேதை காலையில் முதல் படம், கடைசிப் படம் வரைந்து வைப்பார். சாப்பிட்டுவிட்டு வந்தால் நடு நிரம்பியிருக்கும். சம்பளம் கேட்காத, லீவு போடாத, டைட்டிலில் பெயர் கேட்காத ஊழியர். ஆளா, ஆவியா என்று எந்தத் தயாரிப்பாளர் விசாரிப்பார்? நான் விசாரிக்கவில்லை.

என் மனைவிதான் கவனித்தாள். ஸ்டூல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனாலும் மேசைக் கண்ணாடி சூடாக இருந்தது. ஆமை முன்னால் போகும் காட்சியில், ஒரே ஒரு தாளில் மட்டும் அது தலையைத் திருப்பி... பின்னால் பார்த்தது. மேதை அப்படி வரையச் சொல்லவேயில்லை.

"பாருங்க, எவ்வளவு உயிரோட்டம்!" என்றார் மேதை.

"எனக்குப் பிடிக்கலடா" என்றாள் என் மனைவி. "தாளும் ரொம்ப வேகமா தீருது. ஆமைக்கு இவ்வளவு ஆகாது."

நாங்கள் கேட்கவில்லை. வேலை ஓடிக்கொண்டிருந்தது அல்லவா?

பெரிய தொகை தந்த ஆதரவாளர்களுக்கு ஒரு பரிசு அறிவித்திருந்தோம். அதுவும் மேதையின் யோசனை. ஆளுக்கு இரண்டு ஓவியங்கள். ஒரே நாற்காலி. ஒன்றில் இன்றைய நீங்கள், மற்றொன்றில் முதுமையில் நீங்கள். 'காலத்தோடு ஓர் உரையாடல்' என்று பெயர் வைத்தார். அவர்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்து உரையாடலை வரைந்தது என் மனைவி. வரைந்தவற்றை ஜோடி ஜோடியாகக் கவரில் போட்டு அந்த அறை அலமாரியில் அடுக்கினாள். சாப்பிட்டு வந்து நான் ஒட்டினேன். அன்றன்று மாலையே தபாலில் சேர்த்தேன்.

எல்லாக் கவரும் போய் முடிந்த மறுநாள், மேதை தனக்கும் ஒரு ஜோடி வரைந்துகொண்டார். முதல் படத்தில் நாற்பது வயதில், சால்வையோடு. கடைசிப் படத்தில் எண்பது வயதில், மார்பு வரை வெண்தாடி, நெற்றியில் ஞானம். அக்காவிடம் காட்டிப் பாராட்டு வாங்கினார். காய வைப்பதற்காக இரண்டையும் மேசை ஆணியிலேயே மாட்டிவிட்டார். அந்த ஆணியில் ஒன்பது வெற்றுத்தாள்கள் ஏற்கனவே செருகியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒருவன் செய்யக்கூடிய மிகச் சாதாரணத் தவறு.

அன்று எனக்கு வயிறு சரியில்லை. அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் முன்னறையில் படுத்திருந்தேன். மணி ஒன்று பத்து.

சர்ர்...

காகிதம் புரளும் சத்தம். வரைபவர்கள் தாள்களை விரல் இடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்ப்பார்களே, அது.

சர்ர்... சர்ர்...

பூட்டின சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பென்சில் உரசியது. நின்றது. ரப்பர் தேய்த்தது. தூசியைக் கையால் தட்டுவது போல மெல்லிய சத்தம். எழுந்து கதவருகே போனேன். கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

பிறகு நின்றது. ஒரு தாள் பாதியில் நின்றது போல.

வரைபவர்கள் எப்போது அப்படி நிறுத்துவார்கள் தெரியுமா? அடுத்து என்ன வரைவது என்று தெரியாதபோது. அல்லது... தெரிந்துவிட்டபோது.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பூட்டைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

மேசை விளக்கு எரிந்தது.

ஒரு தாள் மட்டும் பாதி தூக்கியபடி நின்றது. விரல் இடுக்கில் பிடித்தது போல.

நான் பார்த்தேன்.

அது மெதுவாகப் படிந்தது.

அவர்கள் வந்தபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். மேதைதான் உள்ளே போய்த் தாள்களை எடுத்துவந்தார். வெளிச்சத்தில் வைத்துப் புரட்டினார்.

முதல் நடுத்தாளில் அதே மேதை. சால்வை இல்லை.

இரண்டாவதில் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது.

மூன்றாவதில் கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது.

நான்காவதில் கண்கள் மூடியிருந்தன. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

ஐந்தாவதில் நாற்காலி.

ஆறாவதில் நாற்காலி. ஏழு, எட்டு, ஒன்பது... வெறும் நாற்காலி. நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு, சம்பந்தமே இல்லாமல், வெண்தாடியோடு மேதை வரைந்த ஞானி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கம்பெனியில் பொய் சொல்லத் தெரியாதவர், பூட்டிய அறையில் வரையும் அந்த ஒருவர்தான் போலிருக்கிறது.

மேதை தாள்களைக் கவிழ்த்து வைத்தார். என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள். அவளுக்காக நான்தான் கணக்குப் போட்டேன்.

"இதோ பாரு, நாற்பதுல இருந்து எண்பது. நடுவுல ஒன்பது தாள். ஒரு தாளுக்கு நாலு வருஷம். அப்படியே நெசம்னு வெச்சாலும் நாலாவது தாளுக்கு இன்னும் பதினாறு வருஷம் இருக்கு. அதுக்குள்ள வைத்தியம் எவ்வளவோ முன்னேறிடும்."

"பதினாறு வருஷமா?" என்று விரல் விட்டு எண்ணினாள். "ஆமா, பதினாறு." அவளுக்கு மூச்சு வந்தது.

மேதை என்னைப் பார்த்தார். "மாமா, நடுத்தாள் எல்லாம் சம இடைவெளியில வரணும்னு ஒண்ணும் சட்டமில்ல. சிலது ஒண்ணு மேல ஒண்ணு நெருங்கி..."

"சும்மா இருங்க" என்றேன்.

மறுநாள் அவர் கடைசிப் படத்தை மாற்றி வரைந்தார். தாடி இல்லை, ஞானம் இல்லை. பல் விழுந்த, வழுக்கைத் தலைக் கிழவர். கெஞ்சுவது போலிருந்தது முகம். நடுவில் ஒன்பது வெற்றுத்தாள்களோடு மாட்டி வைத்தோம். பூட்டினோம். இரண்டு மணிக்குத் திறந்தோம்.

அதே நான்கு முகங்கள். அதே நாற்காலி.

அந்த அறையை அன்றே காலி செய்தோம். மீதிப் படத்தை மேதை முன்னறையில் உட்கார்ந்து தானே வரைந்தார். முதல் படம், கடைசிப் படம், நடுத்தாள் எல்லாம். சால்வை எங்கே போனதென்று தெரியவில்லை. டைட்டிலில் நான்கு இடத்தில் வர இருந்த தன் பெயரை ஒன்றாகக் குறைத்தார். நாலு மாதத்தில் ஆமை கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. படம் வெளியானது. 'காலத்தை வென்ற படைப்பு' என்று ஒருவர் எழுதினார். மேதை அதைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார்.

"வெயிலுக்கு எல்லாரும் வெட்டறதுதானேங்க?" என்றாள் என் மனைவி.

"எல்லாரும் வெட்டறதுதான்" என்றேன்.

நாளாக நாளாகப் பயம் தேய்ந்தது. யாரோ பழைய உதவியாளன் கள்ளச்சாவி போட்டு விளையாடியிருக்கிறான் என்று முடிவு செய்தோம். பதினாறு வருடம் என்ற கணக்கு வேறு இருந்தது. மேதை மறுபடி கொஞ்சம் பேசத் தொடங்கினார்.

போன வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்கு ஒரு போன் வந்தது. பெண் குரல். ஆதரவாளர்.

"படம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. என் பொண்ணு நாலு தரம் பார்த்துட்டா."

"சந்தோஷம்மா."

"அந்த ஓவியமும் அப்பவே வந்துச்சு. அப்பாவுக்கு ஒரு கட்டு, பொண்ணுக்கு ஒரு கட்டு."

"கட்டா? ஆளுக்கு ரெண்டு படம்தானேம்மா?"

"இல்லீங்களே. ஆளுக்குப் பதினொண்ணு இருந்துச்சு."

கவர்களை ஒட்டியவன் நான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஒட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் அவை அந்த அறையில், வெற்றுத்தாள் கட்டுகளின் பக்கத்தில் திறந்து கிடந்தன.

"அப்பாவோடதுல நடுவுல மூணாவது படத்துல நெத்தியில கட்டு போட்டு வரைஞ்சிருந்தீங்க. அதுக்கப்புறம் வெறும் நாற்காலி. தப்பா அடுக்கிட்டீங்கன்னு நெனச்சோம். கவர் வந்து ஒரு வாரம் இருக்கும்... வழுக்கி விழுந்துட்டாரு. நெத்தியில அதே கட்டு. ரெண்டு நாள்தான் இருந்தாரு."

ஒரு வாரம். மூன்று தாள்கள்.

"நான் சண்டை போடக் கூப்பிடலீங்க" என்றாள் அவசரமாக. "என் பொண்ணோட கட்டு... அதுல நடுவுல ஒரே ஒரு படத்துலதான் அவ இருக்கா. மஞ்சள் சட்டை போட்டிருக்கா. அவகிட்ட மஞ்சள் சட்டையே கிடையாது. அதனாலதான் இத்தனை மாசம் தைரியமா இருந்தேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னிக்குக் காலையில அவ சித்தி ஊர்ல இருந்து வந்தா. பை நிறையத் துணி."

"கழட்டிடுங்கம்மா" என்றேன். "அந்தச் சட்டையை முதல்ல கழட்டிடுங்க."

"கழட்டப் போனேங்க. அவ பிடிவாதம் பிடிச்சா. இழுத்ததுல ஒரு பித்தான் தெறிச்சுடுச்சு." அவள் அழ ஆரம்பித்தாள். "படத்துல அந்தப் பித்தான் இல்லீங்க. நான்தான் அதைச் சரியா கவனிக்கல... வேற வரைஞ்சு அனுப்புவீங்களா? எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல. வேற வரைஞ்சு அனுப்புவீங்களா?"

லைன் அறுந்தது. திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

பக்கத்து அறையில் மேதை, ஆமையின் இரண்டாம் பாகத்தைப் பற்றி அக்காவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவசரம் என்னடா? மெதுவா செய்" என்று அவள் சிரித்தாள். "பதினாறு வருஷம் இருக்கே."