ஒரே இழுப்பில் திறக்கும் சட்டை

முதல் சம்பளத்தில் கடையில் ஒரு சட்டை எடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் ஒரே இழுப்பில் கழற்றினேன். பொத்தானெல்லாம் தெறித்து ஓடியது. கடைக்காரர் முறைத்த முறைப்பில் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சட்டைகள் எல்லாம் பாட்டி தைத்தவை. வெளியே தெரியும் பொத்தான் சும்மா அழகுக்கு; உள்ளே இருப்பது அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன். உலகத்துச் சட்டையெல்லாம் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் பாட்டி எல்லாருக்கும் இப்படியே தச்சே?" என்று எரிந்து விழுந்தேன்.

பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அச்சாபீஸ் மெஷின்ல விரல் போனதிலேருந்து உங்க தாத்தாவுக்குப் பொத்தான் போட வரலைடா. நான் போட்டுவிட்டா மூஞ்சி சுண்டிப்போயிடும். அவருக்கு மட்டும் தனியா தச்சா, அதுவும் ஒரு குறையாத் தெரியாதா?"

போன மாதம் பாட்டி போய்விட்டாள். துக்கம் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு உதவப் போனேன்.

"நீ போடா," என்றார், பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே. "எல்லாம் அவ செஞ்சு வச்சுட்டுத்தான் போயிருக்கா."