எங்கள் ‘ஓட்டைப் பாத்திரம்’ சுந்தர்

சுந்தர் போய்விட்டான்... நேற்று காலை. சின்ன வயதிலிருந்தே கூட இருந்த ஆஸ்துமாதான். இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

‘ஓட்டைப் பாத்திரம்’ என்று நம்ம ஊரில் ஒரு பங்க் ராக் பேண்ட் இருந்தது, ஞாபகம் இருக்கிறவர்கள் கொஞ்சம் பேராவது இங்கே இருப்பீர்கள். பாட்டும் கிட்டாரும் அவன். டிரம்ஸ் நான்.

பழவங்காடியில் அவன் மாமா பூட்டிப்போட்ட பாத்திரக்கடையில்தான் பிராக்டிஸ். நான் ஓங்கி அடித்தால் விற்காமல் கிடந்த அண்டா குண்டாவெல்லாம் சேர்ந்து அதிரும்.

முதல் ரெக்கார்டிங்கில், பக்கத்துப் பிள்ளையார் கோயில் முன்னால் யாரோ தேங்காய் உடைத்த சத்தமும் விழுந்துவிட்டது... சரியாகத் தாளத்தில். “பிள்ளையாரே பீட் போட்டுட்டார்டா, அத எடுக்கப்படாது” என்றான். எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவன்தான் ஒருநாள் வந்து, “இனிமே நீட்டா பண்ணலாம்டா. நான் பாடற ஒரு வரிகூட எங்கம்மாவுக்குப் புரியமாட்டேங்கறதாம்” என்றான்.

“பங்க்குக்கு எதுக்குடா இஸ்திரிப் பெட்டி?” என்று கத்தினேன். ஒற்றைக்காலில் நின்றான். நல்ல ஸ்டுடியோ, காதில் ஹெட்ஃபோன், டிக் டிக் என்று தாளம் எண்ணும் கிளிக் டிராக்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டு வெளியானதும் பழைய ரசிகர்கள் கமெண்டில் வந்து வறுத்தெடுத்தார்கள். “பழைய சத்தம் எவிடே அளியா?” அது எங்கே மச்சான் என்று மலையாளத்தில் கேள்வி. சுந்தர் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் போட்டான். பாட்டு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் அம்மாவுக்கு மட்டும் போட்டுக் காட்டவில்லை. “ஆல்பம் முழுசா முடியட்டும்டா” என்பான்.

நேற்று சாயங்காலம் தைக்காட்டு மயானத்தில் எல்லாம் முடிந்து வலியசாலையில் அவன் வீட்டுக்கு வந்தோம். அவன் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “அவன் கடைசியாப் பாடினதப் போடுடா.”

போனில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார்.

“வார்த்தையெல்லாம் நன்னாப் புரியறது...” என்றார். பிறகு, “நடுவுல ஒரு எடத்துலகூட மூச்சே விடலையேடா கொழந்தை?”

இரைப்பு வெளியே கேட்கக் கூடாது என்று, வரிக்கு வரி மூச்சுச் சத்தத்தைத் தேடித் தேடி ஸ்டுடியோவில் வெட்டவைத்தவன் அவன்தான். அழுதுவிட்டேன்.

போய் வாடா சுந்தர்... அங்கேயாவது மூச்சு முட்டாமல் பாடு.