செவ்வாயில் காலனி வேண்டாம்

என் மனைவி வெற்றிச்செல்வி ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்ற நான் முயல்வதில்லை. முயன்று பார்த்தவர்கள் லாரி டிரைவர்கள். ஆலத்தியூர் போகும் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்றில் அவள் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். லாரியின் ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே நின்றாலும் சீட்டு அடிக்க மாட்டாள். "ஒரு வீலுதானம்மா, வுடு" என்பார் டிரைவர். "அந்த ஒரு வீலயும் ஏத்துங்கண்ணே, நான் எங்கயும் போயிடல" என்பாள். பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். இவள் தலை நிமிராது. கடைசியில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

நான் வேல்முருகன். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திவிட்டு அரியலூரில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தால் எனக்கு டிவி வேண்டும். அவளுக்கு லேப்டாப் வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த அதே லேப்டாப். மெமரி கூட்டி, பேட்டரி மாற்றி, உடைந்த மூலையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அதை விற்க மாட்டேன் என்று அடம் பிடிப்பார்களே, அந்த ரகம்.

அதில் அவள் விளையாடுவது ஒரே விளையாட்டுத்தான். செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்களைக் குடியேற்றுவது. தொடங்கும்போது வெறும் செம்மண்தான் இருக்கும். பூமியிலிருந்து சில ரோபோக்களை இறக்கி, மண்ணுக்கு அடியில் இருக்கும் பனிக்கட்டியைத் தோண்டி, தண்ணீராக்கி, குழாய் இழுத்து, காற்று உண்டாக்கி, கண்ணாடிக் கூடாரம் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் ராக்கெட்டில் ஆட்கள் வருவார்கள். முந்தி வரவழைத்தால் செத்துப்போவார்கள்.

கல்யாணமான புதிதில் நான் அவளைக் கேட்டேன். "இதுல அப்படி என்னதான் இருக்கு?"

"ஆளு வர்றதுக்கு முன்னாடி தண்ணி வந்துருக்கணும்னு ரூல் வச்சிருக்கான் பாருங்க. அது பிடிச்சிருக்கு. எங்க தெருவுல ஆளுங்க குடிவந்து, கல்யாணம் பண்ணி, என்னையும் பெத்து, நான் எட்டாவது போனப்பறம்தான் பைப்பு வந்துச்சு."

முதல் ராக்கெட் இறங்கிக் கூடாரத்தில் விளக்குகள் எரியும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே நான் டிவியை நிறுத்தியிருக்கிறேன்.

அதே விளையாட்டு அவளைப் பாடாய்ப் படுத்தவும் செய்யும். ரோபோக்கள் தங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் என்ன பழுதானாலும் ஓடிப்போய்ச் சரிசெய்யும். தொலைவில் இருக்கும் கூடாரத்தில் குழாய் வெடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. புழுதிப் புயல் வந்தால் மின்சாரம் போகும். அந்தப் புயலைக் காட்டத் திணறி லேப்டாப்பும் நின்றுவிடும். பாதி ஆட்டத்துக்கு மேல் புதிதாகக் கட்ட எதுவும் இருக்காது, ஒழுகும் குழாயை அடைப்பதே வேலையாகிவிடும். சமையல்காரன் பசியோடு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் தோட்ட வேலை காலியாக இருக்கும், போக மாட்டான். "இவன எங்க பஸ்ல ஏத்திவுடு, நான் பாத்துக்கறேன்" என்று எனக்கே ஆத்திரம் வரும். அவள் மட்டும் சலிக்காமல் குழாயை அடைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த விளையாட்டைத் தமிழில் கொண்டுவர விளையாடுபவர்களே சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ராஜேஷ் என்பவர் அதற்குத் தலைவர். வெற்றியும் சேர்ந்தாள். குழாய், கசிவு, காற்று, புயல் சம்பந்தமான வாக்கியங்கள் அவள் பங்குக்கு வந்தன. எடை மேடையில் லாரி இல்லாத நேரத்தில் போனில் எழுதி அனுப்புவாள். ஒரு நாள் மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்து, சோதித்துப் பார்க்க முழு விளையாட்டும் தமிழில் வந்தது. ஆசையாகத் திறந்தாள். முதல் திரையில் இப்படி இருந்தது:

புதிய காலனி. உங்கள் காலனியின் பெயரை இடுக.

அவள் பெயர் இடவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு அரிசி களையப் போனாள். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. திரையை நானும்தான் பார்த்தேன். ஊருக்கு வெளியே எங்கள் சனங்களை ஒதுக்கி வைத்திருக்கும் தெருவுக்குப் பெயர் காலனி. என் தெருவும் அதுதான், அவள் தெருவும் அதுதான். என் பஸ் ரூட்டில் 'காலனி ஸ்டாப்' மட்டும் பல இடத்தில் இருக்கிறது. அங்கே இறங்குபவர்கள் டிக்கெட் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கும். தினமும் கேட்கிற எனக்குத் தெரியும். மனிதன் செவ்வாய்க்குப் போயும் காலனியில்தான் இருக்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த வாரம்தான் அவள் அம்மா பூமாலை புதுக் கண்ணாடி வாங்க வந்திருந்தார். தா.பழூர் பக்கத்தில் இருந்து வருபவர். வளர்ந்த பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றவர். அதனால் எழுத்து எங்கே இருந்தாலும் வாய்விட்டுப் படிக்காமல் விட மாட்டார். என் பஸ்ஸில் ஏறினால் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' ஜெயங்கொண்டம் வரைக்கும் கேட்கும். கண்ணாடி வேறு புதுசு. வெற்றி லேப்டாப்பில் அந்தத் தமிழ் ஆட்டத்தை ஓடவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். அத்தை திரைக்கு முன்னால் உட்கார்ந்து படித்தார்.

"காலனிக்குத்... தண்ணீர்... நின்றுவிட்டது. காலனி மக்கள்... கோபமாக... இருக்கிறார்கள்."

நான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. அத்தை போனை எடுத்துவிட்டார். அவர் ஊரில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் அரியமுத்துவுக்கு அடித்தார். அத்தையின் போன் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஏம்ப்பா அரியமுத்து, காலனிக்குத் தண்ணிய ஏன் நிறுத்துன?"

அந்தப் பக்கம் இழுத்தார் அரியமுத்து. "அது வந்துக்கா, மோட்டாரு மக்கர் பண்ணுது. ஊருக்கு மட்டும் வுட்டேன். காலனிக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்னு... நீங்கதான் அரியலூருல இருக்கீங்களே, உங்களுக்கு யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல வந்துருக்கு."

"கம்ப்யூட்டர்லயா?" அரியமுத்துவின் குரல் மாறிவிட்டது. "யக்கா, மேல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. இப்பவே வுட்டுர்றேன்."

நான் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் காலனிக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டிலிருந்து அத்தைக்குப் போனும் வந்தது. அப்போது கொடியிலிருந்து வந்த வெற்றி மட்டும் சிரிக்கவில்லை. கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சிரிக்கிறீங்களே. காலனிக்குத் தண்ணி நின்னுச்சுன்னா அம்மாவுக்கும் சந்தேகம் வரல, அரியமுத்துவுக்கும் சந்தேகம் வரல. பாத்தீங்களா?" என்றாள். "அந்த வார்த்தைய எடுக்காம வுட மாட்டேன்."

மறுநாள் ராஜேஷிடம் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பேசினார்.

"காலனின்னா எல்லாருக்கும் புரியும் சிஸ்டர். நான் குடியிருக்கறதே பேங்க் ஆபீசர்ஸ் காலனிலதான்."

"நீங்க காலனின்னு சொன்னா எத்தனாவது மாடின்னு கேப்பாங்க சார். நாங்க சொன்னா, தண்ணி கொடுக்கறதா வேணாமான்னு யோசிப்பாங்க."

அத்தையின் போன் கதையை வெற்றி சொன்னாள். அதைக் கேட்டும் ராஜேஷ் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"சரி, வேற என்ன போடலாம்? குடியேற்றம்? குடியிருப்பு?"

"ஊர்."

"ஊர்னா, சொந்த ஊர் மாதிரி ஆயிடுமே."

"ஆமா சார். அதேதான் வேணும். காலனிவாசிகள்னு வர்ற இடத்துல ஊரார்னு போட்ருவோம்."

அவர் யோசித்துவிட்டுச் சிக்கலைச் சொன்னார். ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும். 'காலனியில்' என்பது 'ஊர்யில்' ஆகிவிடும், 'காலனிக்கு' என்பது 'ஊர்க்கு' என்று நிற்கும். ஆகவே ஒவ்வொன்றையும் கையால் மாற்றி, அந்தச் செய்தி விளையாட்டில் வரும்போது சரியாக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் முழு ஆட்டத்தையும் ஆட வேண்டும்.

"அடுத்த மாசக் கடைசில வெளியிடறாங்க. பாதிக்கு மேல எனக்கே சலிச்சுடும் சிஸ்டர். யாரு உக்காந்து ஆடறது?"

"நான் ஆடறேன்."

"ஒண்ணு விட்டாலும் ஊரும் காலனியும் கலந்து நிக்கும், அசிங்கமாயிடும். எல்லாம் பாத்து முடிச்சீங்கன்னா ஊர். ஏதாவது பாக்கி நின்னா, இந்தத் தடவ காலனியே போகட்டும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி இல்லை. எடை மேடையிலிருந்து வந்ததும் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை சோறு வடிப்பது என் பொறுப்பு. லேப்டாப் சூடாகாமல் இருக்க நாலு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டாள். எனக்கு வியர்த்தது, லேப்டாப்புக்கு வியர்க்கவில்லை.

நல்லபடியாக ஆடினால் நல்ல செய்திகள் மட்டுமே வரும். பஞ்சம், வேலைநிறுத்தம், எரிகல் என்று எல்லாச் செய்தியையும் பார்க்க, அவள் கட்டியதை அவளே கெடுக்க வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த கூடாரத்தில் விரிசல் விடவைத்தாள். 'காலனி ஆண்டு விழா' என்று இருந்ததை 'ஊர்த் திருவிழா' என்று மாற்றி, அது வரும்வரை ஆடினாள். எரிகல் மட்டும் தானாக விழுந்தால்தான் உண்டு. அதற்காகக் காத்திருந்ததில் எங்கள் வீட்டுப் பால் பொங்கி வழிந்தது பல தடவை.

கடைசி வாரத்தில், திருவிழாவுக்குப் பிறகு வரும் பகுதியில், லேப்டாப் படுத்துவிட்டது. மறுபடி எழுந்தபோது சேமித்து வைத்தது எதுவும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வுட்டுத்தள்ளு வெற்றி, யாரு பாக்கப் போறா, ஒரு கேமுல வர்ற வார்த்தை" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. சீட்டு கேட்கும் லாரிக்காரரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"மொதல்லேர்ந்து கட்றேன். வழி தெரிஞ்ச ஊருதான" என்றாள்.

இந்த முறை ரோபோக்களின் பட்டறையை முதல் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. எல்லாக் கூடாரத்துக்கும் நடுவில் வைத்தாள். தொலைவு என்று ஒரு கூடாரமே இல்லை. ஆட்டம் அதனாலேயே வேகமாக ஓடியது. விட்ட இடத்தைப் பிடித்துத் தாண்டியும் போனாள்.

ராஜேஷ் சொன்ன கெடு முடியும் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பார்த்தால் ஒரே ஒரு செய்திதான் பாக்கி. தண்ணீர் நின்ற செய்தி. எல்லாவற்றையும் கெடுத்தவள் அதைமட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். தொட்டியைக் காலியாக விட்டு, வால்வை அவள் கையால் மூட வேண்டும். திரையில் ஊரார் திருவிழா முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கை எழவில்லை. தண்ணீருக்காகக் குடத்தோடு நின்று வளர்ந்தவளுக்கு அது எப்படி எழும்.

அத்தையும் அன்று வந்திருந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வீலுதான், ஏத்திடு" என்றேன் மெதுவாக.

வெற்றி வால்வை மூடினாள். தொட்டி வற்றியது. திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூட்டிப் படித்தார்.

"ஊருக்குத்... தண்ணீர்... நின்றுவிட்டது. ஊரார்... கோபமாக... இருக்கிறார்கள்."

எழுத்து ஒன்றும் பிசகாமல் நின்றது. அத்தை மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன அத்த, தண்ணி நின்னுபோச்சுன்னு வருது. யாருக்கும் போன் போடலையா?"

"ஊருக்குத்தான மாப்ள நின்னுருக்கு? காலனியா இருந்தா போன் போடணும். ஊருன்னா இந்நேரம் ஆளு கெளம்பியிருப்பான்."

சொல்லி வாய் மூடவில்லை, நடுவில் இருந்த பட்டறையிலிருந்து ரோபோக்கள் வரிசையாக வெளியே வந்து குழாயை நோக்கி ஓடின.

"அந்தா பாருங்க" என்றார் அத்தை, கீரையிலிருந்து தலை நிமிராமல்.

வெற்றி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வால்வைத் திறந்துவிட்டு, போனை எடுத்து ராஜேஷுக்கு 'எல்லாம் பார்த்தாச்சு சார், ஊர்' என்று அனுப்பினாள்.