இன்ஸ்பெக்‌ஷன் நாளில் என் மருமகள்

அன்றைக்குக் காலையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன பலகாரப் பெட்டியை என் கையால்தான் கட்டினேன். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வருகிறார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று தலைமை ஆசிரியை முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். நான் எப்போது பார்க்காமல் செய்திருக்கிறேன்? புது எண்ணெயில் போட்டு, நன்றாக ஆறவைத்து, ஒன்றுகூட உடையாமல் அடுக்கி அனுப்பினேன். அந்தப் பெட்டி உள்ளே போன வாசல் வழியாகத்தான் என் மருமகளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து நின்றாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. இன்ஸ்பெக்‌ஷன். பி.எட். முடிக்காதவுகள்லாம் இன்னைக்கு வீட்டுல இருக்கணுமாம்."

எட்டு வருஷமாக அந்தத் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் இவள். கணக்கில் எம்.எஸ்ஸி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டிப்ளமோவும் இருக்கிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் அது செல்லாதாம். அதனால் அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் இவள் அங்கே இல்லாத ஆள். அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியிலிருந்து பி.எட். முடித்த ஒரு டீச்சரை வரவழைத்து இவள் வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாளுக்குப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்றே தெரியாது. தடுமாறிவிடக் கூடாதே என்று வெளியே வருவதற்கு முன்னால் கரும்பலகையில் கணக்கை எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறாள் என் மருமகள். தன் நாற்காலியை இன்னொருத்திக்குத் துடைத்துவைத்த மாதிரி. கேட்டதும் எனக்கு உச்சந்தலை சுட்டது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் பலகாரம் சுட ஆள் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தோடு மாவு சலிக்கப் போனவள். இன்றைக்குக் காரைக்குடியில் எனக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது, வேன் இருக்கிறது, என்னிடம் வேலை பார்க்கிற பெண்களை ஏற்றினால் ஒரு பஸ் நிறையும். என் தேன்குழல் சிங்கப்பூர் போகிறது, கோலாலம்பூர் போகிறது. நான்தான் போனதில்லை, போக எனக்கு ஏது நேரம்? பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்காக வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

பயிற்சியே வேண்டாம் என்கிற ஆளும் இல்லை நான். என்னிடம் புதிதாக வருகிறவளை லேசில் அடுப்புப் பக்கம் விடமாட்டேன். மாவு சலிக்கட்டும், பிசையட்டும், சீடை உருட்டட்டும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க அவளுக்கு ஒரு நாள் வரும், அந்த நாளை நான்தான் சொல்வேன். ஆனால் அவள் உருட்டியதை என் கையில் எடுத்துப் பார்ப்பேன். அழுத்திப் பார்ப்பேன், கடித்துப் பார்ப்பேன். பார்க்காமல் ஒருத்தியையும் தேறினாள் என்றோ தேறவில்லை என்றோ சொன்னதில்லை. அந்த அளவுக்காவது எனக்கு நியாயம் தெரியும்.

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த மறுநாள் தலைமை ஆசிரியை இவளைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படிச் சமாளிக்க முடியாது, உடனே பி.எட். சேருங்கள், முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்கிறோம், முடிக்காவிட்டால் பத்தாம் வகுப்பு உங்களுக்குக் கிடையாது, ஆறாம் வகுப்போடு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். போடி, அந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம், வந்து நம் கடையைப் பார் என்றேன் நான். என் மகன் சிங்கப்பூரிலிருந்து அதையேதான் சொன்னான். இவள் கேட்கவில்லை.

"எட்டு வருசமா அந்த வகுப்புல நிக்கிறேன் அத்தை. அதிகாரி வர்ற அன்னைக்கும் நான்தான் அங்க நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. இதற்குத்தான் இரண்டு வருஷம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பி.எட். சனி, ஞாயிறு வகுப்பு. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், வாரக் கடைசியில் அந்தப் பயிற்சி மையம். இவளோடு படித்தவர்கள் எல்லாம் இவளைப் போல வருஷக் கணக்காக வகுப்பில் நின்றவர்கள்தான். அவர்களை உட்காரவைத்துச் சாக்பீஸ் எப்படிப் பிடிப்பது என்று ஒரு வகுப்பு எடுத்தார்களாம். சாக்பீஸ் தூள் தின்றே தொண்டை கெட்டவர்கள் அவர்கள்.

அந்த மையத்துக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. அகமதிப்பெண் போடுகிறவர் அவர்தான். அவர் முன்னால் இவள் ஒரு நாள் டிபன் டப்பாவைத் திறந்தாள், அதுதான் வினையாகப் போயிற்று. எந்தக் கடைத் தேன்குழல் என்று விசாரித்திருக்கிறார். எங்கள் வீட்டில் செய்தது என்று இவளும் சொல்லிவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? செமினார் என்றால் பலகாரம், வெளியூர் விருந்தாளி வந்தால் பலகாரம், அவர் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கும் பலகாரம். எங்களுக்கு மட்டும் இல்லை இந்தக் கதை. கார் வைத்திருக்கிற மாணவர் அவரை ரயிலடியில் கொண்டுபோய் விட வேண்டும். ஒருத்தர் வீட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். அவர் பாடு எங்கள் பாட்டைவிட மோசம்.

சரி, தின்றுவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். கடைக்காரி நான், நாலு பேர் தின்பதில் எனக்கு என்ன குறை? ஆனால் மையத்தில் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டிய நாளில் நடந்ததைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாடம் நடத்த ஏதாவது ஒரு பொருளைக் காட்ட வேண்டுமாம், கற்பித்தல் துணைக்கருவி என்று பெயர். எல்லோரும் ஒரு கடையில் போய்த் தெர்மாகோலில் செய்து வைத்திருப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எந்தக் கடை என்று பொறுப்பாளரே சொல்லிவிடுவார். இவள் மட்டும் அங்கே போகவில்லை. பாடம், ஓர் உருளையை உருக்கி உருண்டைகளாக வார்த்தால் எத்தனை வரும் என்ற கணக்கு. இவள் என்னிடம் வந்து தேன்குழல் அச்சையும் கொஞ்சம் சீடை மாவையும் கேட்டாள். அச்சின் குழல் உருளைதானே. அதில் மாவை நிறைத்து, அளந்து, வெளியே தள்ளிப் பிள்ளைகளையே உருட்டச் சொன்னால் ஆயிற்று. எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற காரியம் ஒன்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அதைப் பார்த்துவிட்டு அந்தப் பொறுப்பாளர், தின்கிற பொருளை வகுப்புக்குக் கொண்டுவருவது என்ன பழக்கம், இதெல்லாம் துணைக்கருவியில் சேராது, மாதிரி உருவம் செய்து வாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இவர் வாய்க்குள் போனால் என் மாவு பலகாரம். பிள்ளைகள் கைக்குப் போனால் குப்பையா? அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இவள்தான் வாசலில் மறித்தாள்.

"பேசாம இருக்கீகளா அத்தை. நீங்க ஒரு வார்த்தை பேசுனா எனக்கு அஞ்சு மார்க்கு போகும்."

எனக்கு வருகிற கோபத்தில் பாதிகூட இவளுக்கு வராது. அதுவே எனக்குத் தனிக் கோபம். அந்த மையத்தைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் இவளிடம் ஒன்று இருந்தது. உளவியல் எடுக்க ஒரு வயதான அம்மாள் வருவாராம். கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள், கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டும் என்று சொன்னாராம். எட்டு வருஷமாகத் தான் காத்திருந்ததே இல்லை என்று இவள் சொன்னாள். இதைச் சொல்ல ஒரு காலேஜா என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நடுவில் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அன்றைக்கும் இவள் வீட்டில்தான் இருந்தாள். அன்றைக்கும் பெட்டி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பாயில் உட்கார்ந்து அன்றைக்கு முழுவதும் சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பின்னால் உட்கார்ந்து, இவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். முதல் நாள் அந்தப் பொறுப்பாளர் எனக்கே போன் செய்தார்.

"அம்மா, வெளிய இருந்து எக்ஸாமினர் வாராக. நம்ம ஊருப் பேரு கெட்டுறக் கூடாதுல்ல. உங்க கைப் பலகாரம் இருந்தா எல்லாருக்கும் நல்லது."

அந்த 'எல்லாருக்கும்' யார் என்று எனக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டு அவரைத் திட்டாத வார்த்தை இல்லை. திட்டிக்கொண்டே போய் எண்ணெய்ச் சட்டியைத்தான் வைத்தேன். என்ன செய்வது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இரண்டு வருஷம் இவள் விழுந்து விழுந்து படித்ததைப் பார்த்தவள் நான். ஒரு பெட்டித் தேன்குழலுக்காக இவளைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றால் நான் தாங்கமாட்டேன். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன்.

காலையில் இவள் அதைப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

"இதை நான் எடுத்துட்டுப் போகல அத்தை."

"எடுத்துட்டுப் போ தாயி. இன்னைக்கு ஒரு நாளு. நாளைக்கு வேணா அவனை நான் தெருவுல நிறுத்திக் கேக்குறேன்."

"இதைக் குடுத்து நான் பாஸானா அது உங்க பாஸு. எல்லாத்தையும் நீங்களே சம்பாரிச்சீக. இதையாவது நான் சம்பாரிக்கிறேனே. மாவு மட்டும் குடுங்க."

என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், கோபம் வரவில்லை. அச்சைத் துடைத்துக் கொடுத்தேன். மாவு காய்ந்துவிடாமல் ஈரத்துணி சுற்றிக் கொடுத்தேன். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன அதே அச்சு, அதே மாவு.

நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். பொறுப்பாளர் பெட்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வகுப்பில் பிள்ளைகள் மாவை வாங்கி, சொன்ன அளவுக்கு உருட்டி, எண்ணிப் பார்த்தால் கணக்கில் வந்ததைவிட ஓர் உருண்டை குறைந்தது. தேர்வாளர் அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஏன் குறைந்தது என்று இவள் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, தான் சொல்லாமல் காத்திருந்தாளாம். கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை மெதுவாகத் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டியிருக்கிறாள். குறைந்த மாவு முழுவதும் எல்லோர் கையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தேர்வாளர் அம்மாள் தாமும் கொஞ்சம் மாவு வாங்கி உருட்டிப் பார்த்தாராம். பார்த்தார் என்கிறேன். அந்த இரண்டு வருஷத்தில் இவள் நடத்திய பாடத்தைப் பார்ப்பதற்காகவே பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் போட்ட மதிப்பெண் உயரத்தில் இருந்தது. பொறுப்பாளர் போட்ட அகமதிப்பெண் தேறுவதற்கு எது குறைந்தபட்சமோ அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. முதல் வகுப்பில் வர வேண்டியவள். நான் குதித்தேன். பாஸ் பாஸ்தான் அத்தை என்று சொல்லிவிட்டுச் சேலை மடித்துக்கொண்டிருந்தாள் இவள்.

பள்ளிக்கூடப் பதிவேட்டில் இவள் பெயரைப் பத்தாம் வகுப்புக்கு எதிரே எழுதினார்கள். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனும் வந்தது. வழக்கம்போல தலைமை ஆசிரியை போன் செய்தார், வழக்கம்போல நான் பெட்டி கட்டினேன். இந்தத் தடவை பெட்டிக்கும் எனக்கும் பகை இல்லை. வேனில் பெட்டி முன்னால் போக, கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையில் இவள் ஸ்கூட்டியில் பின்னால் போனாள். அன்றைக்கு எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் இன்றைக்கு என் மருமகளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்து பையை வைத்தாள். அதிகாரி என்ன கேட்டார் என்றேன்.

"யாரும் வரல அத்தை."

வகுப்புக்கு வரவில்லையாம். காலையிலிருந்து கதவைத் திறந்தே வைத்து, பிள்ளைகளை நேராக உட்காரவைத்து, கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நின்றிருக்கிறாள். அதிகாரி தலைமை ஆசிரியை அறைக்குள் போனார், சான்றிதழ் நகல்களைப் புரட்டினார், டீ குடித்தார், அங்கிருந்தே காரில் ஏறிப் போய்விட்டார். முந்தைய வருஷங்களிலும் அப்படித்தானாம். அப்படியானால் இவளை வீட்டுக்குத் துரத்திவிட்டு அந்த இன்னொரு டீச்சரை யாருக்காக நிறுத்தினார்கள்? கரும்பலகையில் யார் பார்க்க இவள் கணக்கு எழுதிவைத்தாள்?

"தேன்குழல் ரெம்ப நல்லாருந்துச்சுன்னாராம். எங்க வாங்குனதுன்னு கேட்டாராம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியைக்கு நானே போன் செய்தேன். அடுத்த வருஷம் பெட்டி உங்கள் அறைக்கு வராது, நேரே பத்தாம் வகுப்புக்குத்தான் போகும், வேண்டுகிறவர் அங்கே போய் உட்கார்ந்து பாடத்தைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும் என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவர் அந்தப் பக்கம் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, சொன்னதையே இன்னொரு தடவை சொன்னேன்.