அத்தை சாப்பிட்ட மசால் தோசை

ஊட்டியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். ஏரி, பூங்கா, புல்வெளி எல்லாம் அழகுதான், யார் இல்லையென்றார்கள். ஒன்பது வயதிலேயே அந்த அழகையெல்லாம் சுற்றிப் பார்த்தவள் நான். அத்தையை ஏமாற்றி அங்கே கொண்டுபோனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அம்மாவின் அண்ணனுக்கே அவளைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அத்தையும் மாமாவும் செஞ்சி போகிற சாலையில் ஒரு கிராமத்தில், சொந்த நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. மாமாவுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள், அத்தைக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் மணவறைக்கு எதிரே வந்து நின்று அழுதால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்களாம். அதனால் முகூர்த்தம் முடிகிறவரை அவளைத் தொலைதூரம் எங்காவது கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். அப்பா முதலில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அப்புறம் ஒரே ஒரு நிபந்தனையோடு அடங்கிப் போனார். எவள் வந்தாலும் அந்த வீட்டு அடுப்படியும் சாமான் அறைச் சாவியும் தன் தங்கை கையில்தான் இருக்க வேண்டும். சரி என்றார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அப்போது எனக்குச் சொன்னது, அத்தைக்குச் சொன்ன அதே கதைதான். மலைக்காற்று பட்டால் பிள்ளை தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாமா எப்படி வருவார், நிலத்தில் மல்லாட்டை, நிலக்கடலைதான், பிடுங்குகிற சமயம். புருஷனை ஊரில் விட்டுவிட்டு மலைக்காற்று மட்டும் தனியாக என்ன செய்துவிடும் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்த அத்தையும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அத்தைய வுட்டு நகராத. ஊர்ப் பேச்சே எடுக்காத. ஊருக்குப் போலாம்னு அவ கெளம்பினான்னு வெச்சுக்கோ, போட்ல போவணும்னு அழு. வுடாம அழு. அப்பாகிட்ட சொல்லி கம்பளிக் குல்லா வாங்கித் தரச் சொல்றேன்." முழுப்பரீட்சை லீவில் ஊட்டி, அதற்குமேல் ஒரு குல்லா. அழுவதற்கு என்ன, எனக்குக் காசா பணமா.

விழுப்புரத்தில் பஸ் மாறி, சேலத்தில் மாறி, மலையேறுகிற பஸ்ஸில் நான் மூன்று தடவை வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்தோம். மூன்று தடவையும் அத்தை தன் முந்தானையால்தான் என் வாயைத் துடைத்தாள்.

நாங்கள் ஜைனர்கள். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு வகையையும் தொடமாட்டோம். அத்தை இன்னும் ஒரு படி மேலே. பிள்ளை வேண்டும் என்று விரதம் எடுத்து, பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஏழு வருஷமாக அப்படி. ஊட்டியோ, எங்கே திரும்பினாலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் குவித்துவைத்திருக்கிற ஊர். போதாக்குறைக்கு மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் வந்து சூரியனை மூடிவிடும். முதல் நாள் பூங்காவில் அப்பா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது அத்தை கையை எடுத்துக்கொண்டாள்.

"பொழுது போயிடுச்சுண்ணா."

"வாட்ச்ல நாலு மணிதாம்மா ஆவுது."

"வாட்ச்சு சொன்னா ஆச்சா? சூரியன் எங்க, காட்டு."

அப்பாவால் காட்ட முடியவில்லை. எங்களைச் சுற்றி ஒரே வெள்ளையாக இருந்தது. அன்றும் மறுநாளும் அத்தை காலையில் சாப்பிட்ட ரெண்டு வாயோடு சரி.

இரண்டாம் நாள் புல்வெளிக்குப் போனோம். சினிமாவில் பாட்டுக்கு ஓடுவார்களே, அந்த மாதிரி இடம். நான் உருண்டேன், ஓடினேன். அத்தை ஓர் ஓரமாக உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து அப்பாவிடம் வந்தாள்.

"போதும்ணா. ஊருக்குப் போலாம். இப்ப பஸ் ஏறினா காலைல போய்ச் சேந்துடலாம்."

அப்பா என்னைத்தான் பார்த்தார். நான் உடனே தரையில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன். போட்டில் போகவேண்டும், போட்டில் போகாமல் வரமாட்டேன் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். கண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும் பிரமாதமாக வந்தது. அத்தை என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரமே இல்லாத என் கன்னத்தைத் துடைத்தாள்.

"இந்த அழுகைய யாருடி சொல்லிக்குடுத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் இன்னும் பலமாக அழுதேன். அதற்குமேல் அவள் ஊர்ப் பேச்சை எடுக்கவேயில்லை. அன்று சாயங்காலம் அப்பா எனக்குச் சிவப்புக் குல்லா வாங்கித் தந்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஏரிக்குப் போனோம். படகில் அத்தை மூன்று தடவை மணி கேட்டாள். மூன்றாவது தடவை "பத்தாவுதும்மா" என்றார் அப்பா. அப்புறம் கரைக்கு வருகிறவரை நான்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்தது. ஏழு மணி இருக்கும், கடைவீதியில் விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். ஒரு ஓட்டலைத் தாண்டிப் போகும்போது அத்தை எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே நுழைந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அதற்குள் மசால் தோசை வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

"அத்தே, இருட்டிப் போச்சு. உள்ள உருளைக்கெழங்கு இருக்கும்" என்றேன். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியும்டி" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "காலைல தாலி கட்டிருப்பாங்க இல்லண்ணா? இனிமே எனக்கு எதுக்கு வெரதம்?" என்று கேட்டாள்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். யாருக்குத் தாலி என்று நான் கேட்கவில்லை. என் கண் முழுக்கத் தட்டில்தான் இருந்தது. அத்தை ஒரு துளி மீதி வைக்காமல் சாப்பிட்டாள். பசியாகத்தானே இருந்திருக்கும், மூன்று நாளாக வயிறு காய்ந்தவளுக்கு. முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்தாள். உலகத்தில் இதைவிடப் பெரிய பாவத்தை நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் நேரே மாமா வீட்டுக்குத்தான் போனோம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கூடத்தில் அம்மாவும் உறவுக்காரர்களும் இருந்தார்கள். உள்ளறையில் புது மஞ்சள் கயிற்றோடு ஒரு அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அத்தையின் முகத்தையே பார்த்தார்கள். அத்தை பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் உலை வைக்க ஆரம்பித்தாள். அழவில்லை. கூடமே ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

"ஊட்டி எப்டிடி இருந்துச்சு?" என்று அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஏரி இருந்தது, பூ இருந்தது, என் தலையிலேயே குல்லா இருந்தது. நான் சொன்னது இதுதான்: "அத்தை ராத்திரில மசால் தோசை சாப்டுச்சும்மா."

அம்மா என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் மாமாவைக் கூப்பிட்டு அவர் எதிரிலும் சொல்லச் சொன்னாள். நான் உருளைக்கிழங்கையும் விடாமல் சொன்னேன். அடுப்படி வாசலில் வந்து நின்ற அத்தையிடம் மாமா, உண்மையா என்று கேட்டார்.

"புள்ள பொய் சொல்லல" என்றாள் அத்தை.

"வெரதத்த முறிச்ச கையால ஆக்கினத நாங்க எப்படி சாப்புடறது?" என்றார் மாமா. இப்படி மறைவாகத் தின்றுகொண்டிருந்தால் பிள்ளை எங்கே தங்கும் என்றது இன்னொரு குரல். காலையில் கட்டிய தாலிக்கு அன்று ராத்திரி தின்ற தோசை காரணமாகிவிட்டது. அப்பா "பேசினது வேற" என்று எழுந்தார். "கூடத்தானே இருந்தீங்க, தடுத்தீங்களா?" என்று மாமா கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என் தலையைத் தடவி, "எம்பொண்ணு பொய் பேசாது" என்றாள். நாலு நாளாக அவள் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சுமந்தவள் நான். பெருமையாக இருந்தது எனக்கு.

அத்தை உலையை இறக்கி வைத்தாள். இடுப்பிலிருந்த சாமான் அறைச் சாவியை அவிழ்த்தாள். யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் கையில் வைத்தாள்.

"உள்ள இருக்கிற அக்காகிட்ட குடுத்துட்டு வா, கண்ணு."

தோசை விஷயத்தைச் சொன்னதற்கு அத்தை கோபித்துக்கொள்வாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். கோபமில்லை, வேலை சொல்கிறாள். சந்தோஷமாகச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.