கனடாவுக்குப் போக வேண்டிய ரிமோட்

வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கரண்ட் போனதற்கு நானே பொறுப்பு என்று முழுதாக ஒரு நாள் நம்பியிருந்தேன். கரண்ட் போவது கொழும்பில் புதினமில்லை. ஆனால் அன்றைக்கு அது வெடித்துப் போனது. நான் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினேன். ஒழுங்கை முனையில் இருந்த ட்ரான்ஸ்போமர் டமார் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கொட்டாவி விடக்கூட நேரம் இருக்கவில்லை. பத்து வயதுக்காரனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கேயாவது ஏதாவது வெடித்தால் பெரியவர்கள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ரிமோட்டாலதான் வெடிக்க வைச்சிருக்கிறாங்களாம்" என்று கதைப்பதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை நான். என் கையில் ரிமோட் இருந்தது. வெடித்தும் விட்டது. தூக்குமேடைக்கு எத்தனை படி இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

உண்மையில் அந்த ரிமோட் ஓட்டியது ஒரு படகை. அதைப் படகு என்று சொன்னது நான் மட்டும்தான். அக்கா அதைக் குப்பை என்றாள். லண்டனில் இருக்கிற பெரியம்மா அனுப்பிய ரிமோட் கார் ஒன்று மூன்றே மாதத்தில் சில்லுகளை இழந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. அதன் வயிற்றைக் கிழித்து மோட்டரையும், பச்சைத் தகட்டையும், நாலு நிற வயர்களையும் எடுத்தேன். அப்பா வாங்கி வந்த மேசை ஃபானின் பெட்டிக்குள் அணைப்பாக வைத்திருந்த, தண்ணீரில் மிதக்கிற வெள்ளை ரெஜிபோமைக் குசினிக் கத்தியால் செதுக்கியதில் படகின் உடம்பு வந்தது. கூடவே அம்மாவிடம் ஒரு அடியும் வந்தது. முறிந்த குடையின் கம்பி ஒன்று மோட்டரையும் விசிறியையும் இணைத்தது. கம்பி தண்ணீருக்குள் போகிற வழிக்கு மை முடிந்த பேனைக் குழாய். குழாய்க்குள்ளால் தண்ணீர் ஏறாமலிருக்க மாஜரின். விசிறி, பால்மாத் தகரப் பேணியின் மூடியில் வெட்டியது. அதை வெட்டுகையில் விரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. சுக்கான், அப்பாவின் உடைந்த அடிமட்டம். ஓட்டை அடைக்க, கரண்ட் போகிற நாட்களில் எரித்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள். பற்றரி மட்டும் பழையதில்லை. அவற்றைச் சுவர் மணிக்கூட்டிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் அவ்வப்போது கடன் எடுப்பேன். எங்கள் வீட்டில் நேரம் அடிக்கடி மத்தியானம் இரண்டேகாலில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இதிலெல்லாம் சின்ன மாமாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, கனடாவுக்குப் போவதற்காக எங்கள் வீட்டில் காத்திருந்தார். கனடாத் தூதரகத்தில் இன்டர்வியூ அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. இன்டர்வியூ முடியாமலே மாமா பெட்டியை அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்; அவ்வளவு நம்பிக்கை. பகலெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு கையால் தலையைச் சீப்பால் இழுத்துக்கொண்டு, "குட் மோர்னிங், ஐ ஆம் வெரி ஹேப்பி டு மீட் யூ" என்று தனக்குத்தானே கைகொடுப்பார். மாமாவுக்கு ஆணி அடிக்கத் தெரியாது. பல்ப் மாற்றுவதற்குக்கூட என்னைத்தான் கதிரையில் ஏற்றுவார்.

"என்னடா இஞ்சினியர், உன்ர கப்பலில ஏறினா நான் கனடா போவனோ, நேரா மீனுக்குப் போவனோ?" என்பார்.

எனக்கு அந்தப் பகிடி பிடிக்காது. அதனால் மாமாவை என் தொழிற்சாலைக்குள் விடுவதில்லை. அம்மாவும் விடுவதில்லை. அம்மாவின் காரணம் வேறு. "வயரும் பற்றரியும் என்ர தம்பியும் ஒரே அறைக்குள்ள இருக்கக் கூடாது, விளங்குதோ?" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமா அறைக்குள் வந்தால் படகு பின்வளவுக்குப் போகும். மாமா பின்வளவில் குளித்தால் படகு அறைக்கு வரும். இருவரும் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டால் அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வருவார். அந்த நாட்களில் ஒரு யாழ்ப்பாணப் பெடியனுக்குப் பக்கத்தில் அரை முழ வயர் கிடந்தாலும் அது வயர் இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு அது அம்மாவின் இன்னொரு சுத்தப் பழக்கமாகத் தெரிந்தது, செருப்போடு சாமியறைக்குள் போகாதே என்பது மாதிரி.

அந்தச் சனிக்கிழமை படகைப் பின்வளவுத் தண்ணித் தொட்டியில் இறக்கினேன். குச்சியைத் தள்ளினேன். படகு ஒரு முழம் போனது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் வராத ஒரு பெருமை வந்தது. அது நெஞ்சுக்கு ஏறி முடிவதற்குள் டமார். வீட்டுக்குள் ஃபான் நின்றது. ஊர்க் காகங்கள் முழுவதும் மேலே எழும்பின.

"என்னடா செய்தனி?" என்று அக்கா உள்ளே இருந்து கத்தினாள்.

அக்கா இதை ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் கேட்பாள். ஆனால் அன்றைக்கு அது நீதிமன்றத்திலிருந்து வந்த குரல் மாதிரி இருந்தது.

நான் தடயங்களை அழிக்க முடிவு செய்தேன். பெரிய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். ரெஜிபோமைப் பிய்த்து, துண்டு துண்டாக அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால் கடற்காற்றில் விட்டேன். மோட்டரையும் விசிறியையும் அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன். வயர் தொங்கும் பச்சைத் தகட்டைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன், அவர் பார்த்துக்கொள்வார். பற்றரிகளை அப்பாவின் சப்பாத்துக்குள் போட்டேன். மிஞ்சியது ரிமோட். நீட்டு ஏரியலோடு அது எதற்குள்ளும் அடங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. மாமாவின் பெட்டி! கனடாவுக்குப் போகிற பெட்டி! குற்றம் செய்த ஆயுதமே நாட்டைவிட்டுப் போய்விட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? பெட்டிப் பூட்டின் திறப்பு கைப்பிடியிலேயே கட்டித் தொங்கியது. மாமாவின் புதுக் கம்பளிச் சுவெட்டருக்குள் ரிமோட்டைச் சுற்றி வைத்துப் பூட்டிவிட்டு, முகம் கழுவி, திருநீறு பூசி, படிக்கிற பிள்ளையாக வந்து உட்கார்ந்தேன். புத்தகம் தலைகீழாக இருந்ததை அக்காதான் திருப்பி வைத்தாள்.

சத்தம் கேட்டால் சோதனை வரும். அது அப்போதைய ஒழுங்கு. அதனால்தான் எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவுக் கடதாசி ஒரு ஃபைலுக்குள் வாசல் ஆணியில் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும். அம்மா அதை எடுத்து மேசையில் வைத்தார். எல்லோருடைய அடையாள அட்டையையும் அதன்மேல் அடுக்கினார். "ஒருத்தரும் சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்" என்றார்.

ஒரு மணித்தியாலத்தில் வந்தார்கள். ஒரு பொலிஸ் அதிகாரியும் மூன்று ஆமிக்காரர்களும். அதிகாரி தடித்த மனிதர். ஃபான் இல்லாத வீட்டில் வேர்த்து ஊற்றியது. அம்மா கொடுத்த தேசிக்காய்த் தண்ணியை நன்றி சொல்லித்தான் குடித்தார். கடதாசியில் எல்லாம் சரி. போகிற நேரம். அப்போது ஒரு ஆமிக்காரன் வழக்கம்போல அரிசி வாளிக்குள் கையை விட்டான்.

மோட்டர் வந்தது.

அதற்குப் பிறகு வீடு முழுக்கக் கிண்டினார்கள். பிள்ளையார் கைவிட்டார். அப்பாவின் சப்பாத்து கைவிட்டது. கடைசியில் மாமாவின் பெட்டியைத் திறந்து சுவெட்டரை உதறினார்கள். ரிமோட் தரையில் விழுந்து சுழன்று, ஏரியலை மாமாவின் காலுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. முழுதாகத் தொட்டியில் கிடந்திருந்தால் அது ஒரு விளையாட்டுச் சாமான். வீட்டின் நாலு மூலையிலிருந்தும் பொறுக்கி மேசையில் வைத்தபோது அது எனக்கே குண்டு மாதிரித்தான் தெரிந்தது.

"மேக காகேத?" இது யாருடையது என்று அதிகாரி கேட்டார். குரல் மாறியிருந்தது.

மாமா சிரிக்கவே பார்த்தார். "இது இந்தப் பெடியன்ர விளையாட்டுச் சாமான் சேர்" என்று சொல்லி அப்பாவைப் பார்த்தார். அப்பா கந்தோர் வேலையில் பழகிய சிங்களத்தில் அதை மொழிபெயர்த்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தார். "மல்லி, மேக ஒயாகெத?" தம்பி, இது உன்னுடையதா. அவ்வளவு மெதுவாக ஒரு பொலிஸ்காரர் கேட்டு நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. ஓம் என்று சொல்லியிருந்தால் தலையைத் தடவிவிட்டுப் போயிருப்பார். ஆனால் எனக்கு அந்த நேரம் மேசையில் படகு தெரியவில்லை. ட்ரான்ஸ்போமர் தெரிந்தது. இருட்டில் கிடக்கிற ஊர் தெரிந்தது. எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்களில் ஆகச் சின்னதை எடுத்துக் கொடுத்தேன்.

"நே."

இல்லை.

அம்மா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அதிகாரி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அப்படியென்றால் இது இந்த இரண்டு பேரில் ஒருவருடையது என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"மகே சேர்" என்றார். என்னுடையது.

எனக்குக் கால் தரையில் பட்டது. பிரச்சினை தீர்ந்தது, மாமா பொறுப்பெடுத்துவிட்டார், மாமாதானே என்று நினைத்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு நாள் என் படகைப் பகிடி பண்ணியவர் இப்போது தன்னுடையது என்கிறாரே! நான் ஒரு சாதாரணக் கோழை இல்லை, ரோஷமுள்ள கோழை.

உன்னுடையது என்றால் பொருத்திக் காட்டு என்றார் அதிகாரி. ஆணி அடிக்கத் தெரியாத மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சிவப்பு வயரை எடுத்தார். கறுப்பை எடுத்தார். இரண்டையும் ஒரே இடத்தில் முறுக்கினார். விசிறியைக் கையில் வைத்து, அது எந்தப் பக்கத்துச் சாமான் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீல வயரை மோட்டருக்குக் கொடுத்தால் போதும். என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் தாமாகவே முறுக்கிக்கொண்டிருந்தன. வாய்தான் திறக்கவில்லை. மாமா குச்சியைத் தள்ளினார். ஒன்றும் சுற்றவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அள்ளினார். பிறகு மாமாவுக்குச் செருப்புப் போடச் சொன்னார். மாமா வாசலில் நின்று அம்மாவிடம், "அக்கா, பயப்பிடாதை, கேட்டுப் போட்டு விட்டிடுவினம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் ஆட்கள் ஏணியோடு வந்து ட்ரான்ஸ்போமரிலிருந்து கருகின காகம் ஒன்றைக் கம்பால் தட்டி விழுத்தினார்கள். "இதாலதான்" என்றார்கள். ஒழுங்கையே நின்று பார்த்தது. நான் நிரபராதி! ஒரு காகத்தின் சாவில் அவ்வளவு மகிழ்ந்த பிள்ளை கொழும்பில் இருந்திருக்க முடியாது. துள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காகத்தையும், குச்சியையும், பெட்டியையும். அம்மா அடிப்பார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா லண்டன் காரின் மட்டை உறையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். உறையில் அதே ரிமோட்டின் படம் இருந்தது. தடித்த அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைத் தடவினார். மாமா தன்னுடையது என்று எழுத்தில் சொல்லிவிட்டாரே, கடதாசி மேலே போய்விட்டதே, இனி மேலே இருந்துதான் வர வேண்டும் என்றார். எனக்கு அவர் ஒரு பாலப்பம் தந்தார். நான் சாப்பிட்டேன். அப்பா திங்களும் போனார், செவ்வாயும் போனார், புதனும் வியாழனும் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். கடதாசி இறங்கி வரவில்லை.

நான் அந்த நாட்களை வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டார் எறிந்த மீன் பெட்டியின் ரெஜிபோமில் இன்னொரு படகு செதுக்கினேன். பொலிஸில் இருந்த மோட்டருக்குப் பதிலாக, பழுதாய்ப் போன கசெட் பிளேயரிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். ரிமோட் இல்லை, நீட்டு வயரில் சுவிட்ச் கட்டி ஓட்டினேன். அம்மா கரண்டியோடு ஓடி வரவில்லை. வீட்டில் அந்தச் சட்டம் இல்லாமல் போனதை நான் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

மாமா வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். ஒரு கிழமைத் தாடி. குளித்துவிட்டு வந்து தொட்டிக்கட்டில் குந்தினார்.

"எங்க இஞ்சினியர், ஓட்டடா பாப்பம்."

சுவிட்சை அமத்தினேன். படகு நேரே போய் மறுகரையில் முட்டியது. மாமா கை தட்டினார்.

"நீல வயர் மோட்டருக்கு மாமா. நீங்க கறுப்பைக் குடுத்திட்டியள்" என்றேன்.

"ஓமடா. அதுதான் என்ர பிழை" என்றார்.

"கனடாவுக்கு எப்ப போறியள்?"

"அங்க சரியான குளிராம்" என்றார் மாமா, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. குசினிக்குள் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. மாமா வந்துவிட்ட பிறகும் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கோ சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. என் படகைப் பார்த்ததும் மாமாவின் மனம் மாறிவிட்டது, இனி எங்களோடேயே இருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் எழும்பிப் போனாள்.

இன்டர்வியூ வியாழக்கிழமை பத்து மணிக்கு இருந்தது. மாமாவை விட்டது வெள்ளிக்கிழமை. இன்னொரு திகதி கேட்டு அப்பா மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மாமா கனடாவுக்குப் போகவில்லை.